புதுப்பிப்பு: மதுரையும் ராமேஸ்வரமும் ஒரே நாளில் வேண்டாம்

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்காக முன்பு போட்ட பயணத் திட்டத்தில் மதுரை மீனாட்சி கோயில், ராமேஸ்வரம் ராமநாதசுவாமி கோயில் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்திருந்தேன். தப்பு. இடையில் சுமார் 170 கி.மீ.; மீனாட்சியைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் போய்ச் சேரும்போது அங்கே மதிய நடை சாத்தியிருக்கும். முதல் நாள் இரவே ராமேஸ்வரத்தில் தங்குங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் விடுதியில் அதையும் விசாவையும் கேட்பார்கள், நகல் கையில் இருக்கட்டும்.

அதிகாலை 5 மணிக்கு ஸ்படிக (பளிங்கு) லிங்க தரிசனம். பிறகு அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு, அடுத்து கோயிலுக்கு உள்ளே 22 தீர்த்தக் கிணறுகளின் நீரில் குளியல். வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். இடுப்புப் பையில் பாஸ்போர்ட் இருந்தால் அதோகதிதான், அறையிலேயே பூட்டிவையுங்கள். கல்தரை வழுக்கும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் நடக்க முடியாது. ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள் என்பதால் மாற்றுத்துணி ஒரு செட் அவசியம்.