ஆழ்சுரங்கக் குளிரூட்டல்: மின்சாரத்தை எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

சுரங்கக் காற்றோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள். 2 கிலோமீட்டருக்கும் கீழே போகும் சுரங்கங்களில் மின்செலவைக் குறைப்பது பற்றி ஒரு அறிக்கை தயார் செய்கிறேன். விசிறியின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தாலே மின்தேவை கிட்டத்தட்ட பாதியாகிவிடும், கன விதி அப்படி (மின்தேவை வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும்), அதனால் ஆள் வேலை செய்யும் இடத்துக்கு மட்டும் தேவைக்கேற்பக் காற்று அனுப்பும் முறையைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன். சரி, அது காகிதத்தில். வெடி வைத்த பிறகு புகை வெளியேற எவ்வளவு நேரம் முழு வேகத்தில் ஓட்டுகிறீர்கள்? இந்த முறைக்குத் தேவையான சென்சார் தூசியிலும் ஈரத்திலும் எத்தனை நாள் தாங்கும்?

அப்புறம் பெரிய குழப்பம் இதுதான்: மேலேயே காற்றைக் குளிர்வித்து அனுப்பினால், இறங்கும்போது அழுத்தம் கூடி, உலர்ந்த காற்று கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி சூடேறிவிடுகிறது. குளிரூட்டியைக் கீழே வைத்தால் அது கக்கும் வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில் பாறையே 60 டிகிரியைத் தாண்டுவதால் பனிக்கட்டிக் குழம்பை (பனித்துகள் கலந்த தண்ணீர்) கீழே அனுப்புகிறார்கள். ஒரு கிலோ பனி உருகவே 334 கிலோஜூல் இழுத்துக்கொள்ளும், ஆகவே திரும்ப மேலே இறைக்க வேண்டிய தண்ணீரும் குறையும் (பம்பு செலவு தெரிந்தவர்களுக்கு இது புரியும்). எந்த ஆழத்திலிருந்து பனிக்கட்டி கட்டுப்படியாகிறது? பாடப்புத்தகச் சமன்பாடு வேண்டாம், நீங்கள் நேரில் பார்த்த கணக்கு இருந்தால் சொல்லுங்கள்.