"யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கதானே, மிஸ்?"

பள்ளி ஆலோசகர்:

பிள்ளைகள் மனம் திறப்பது பெரும்பாலும் அதற்கென்று ஒதுக்கிய நேரத்தில் இல்லை. மணி அடித்து வகுப்பே காலியான பிறகும் பையை மூடாமல் நிற்கும் ஒரு பையன், நோட்டைத் திருத்திக் கொடுத்த பிறகும் மேசையை விட்டு நகராத ஒரு பெண். "ஒண்ணு சொல்லணும் மிஸ், ஆனா யார்கிட்டயும் சொல்லக்கூடாது." நல்ல மனசுள்ள ஆசிரியர்கள் சறுக்குவது இங்கேதான். "சரிம்மா, சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்து வருவது வீட்டில் விழும் அடியைப் பற்றியது என்றால், வாக்கைக் காப்பாற்றினால் பிள்ளைக்கு ஆபத்து. மீறினாலோ, அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது.

பதிலை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: "சும்மா யார்கிட்டயும் பேச மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா, உதவக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும். யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உனக்குத்தான் சொல்வேன்." இதைக் கேட்டுச் சிலர் அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். வற்புறுத்த வேண்டாம். நேர்மையாகப் பேசிய ஆளிடம் திரும்பி வர வழி திறந்தே இருக்கிறது.

கேள்விகள் "என்ன நடந்துச்சு?", "அப்புறம்?" என்ற அளவில் நின்றால் போதும். "மாமாதான் அடிச்சாரா?" என்று கேட்டால், பெயரை நீங்களே பிள்ளையின் வாயில் போட்டதாக ஆகிவிடும், பின்னால் நடக்கும் விசாரணையில் அந்த வாக்குமூலம் வலுவிழக்கும். "ஏன் அப்பவே சொல்லலை?" என்பதையும் விட்டுவிடுங்கள். பிள்ளையின் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். பேச்சு நின்றால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பல சமயம் ஏழு, எட்டு எண்ணுவதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும்.

எழுதி வைப்பது அன்றைக்கே, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள். தேதி, நேரம், இடம், கூட இருந்தவர், உங்கள் கையெழுத்து. பிள்ளை சொன்ன சொல்லை, கொச்சையாக இருந்தாலும், அப்படியே எழுதுங்கள். "கையை அறுத்துக்கொண்டிருக்கிறாள்" என்பது உங்கள் முடிவு. "இடது முன்கையின் உட்பக்கம் மூன்று நீளக் கீறல்கள், ஒன்றில் பொருக்கு கட்டியிருக்கிறது" என்பதுதான் நீங்கள் கண்டது. சொந்தப் போனில் படம் எடுக்க வேண்டாம். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போடக் கூடாது.

வகுப்பாசிரியர்:

பேச்சுக்கு முன்பே வருகைப் பதிவேடு பேசிவிடும். வேலை நாட்களில் பத்து சதவீதம் வராவிட்டால் கவலைக்குரியது என்பது பல நாடுகளில் வழக்கத்தில் உள்ள அளவு. 200 நாள் என்றால் 20 நாள். மாதத்துக்கு இரண்டே நாள் என்பதால் எளிதில் கண்ணில் படாது. மொத்தக் கணக்கைவிடக் கிழமையையும் பாடவேளையையும் பாருங்கள். விளையாட்டுப் பாடவேளை வந்தாலே வயிற்றுவலி என்றால், உடை மாற்றும் அறையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். சத்தமாக வாசிக்கச் சொல்லும் பாடத்துக்கு மட்டும் வராத பிள்ளைக்குத் திக்குவாய் இருக்கலாம், எழுத்துக் கூட்டுவதில் சிரமம் இருக்கலாம்.

அந்த வயிற்றுவலி நிஜமான வலி. பயம் குடலைப் பிசைகிறது. "நடிக்கிறா" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொல்லிவிட்டால், அந்த முத்திரை வருடம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும்.

தூக்கத்தையும் கேளுங்கள். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தேவை.

மாணவர் நலப் பொறுப்பாசிரியர்:

கேலி, மிரட்டல் புகார் வந்ததும் இருவரையும் ஒரே அறையில் நிறுத்தி "கை கொடுத்துக்கோங்க" என்பது மிகவும் கெடுதலான வழி. அது சண்டை இல்லை, இரு பக்கமும் சமபலம் இல்லை. மிரட்டப்பட்ட பிள்ளை அறைக்குள் "பரவாயில்லை சார்" என்றுதான் சொல்லும். படியிறங்கும்போது பழி தீர்க்கப்படும். ஒவ்வொருவரையும் தனித்தனியாக, இடைவேளை குறுக்கிடாதபடி அடுத்தடுத்துக் கூப்பிடுங்கள். நடுவில் இடைவேளை வந்தால் கதைகள் ஒத்துப்போய்விடும். மறுபடி விசாரிக்கும் தேதிகளை அன்றைக்கே நாட்குறிப்பில் எழுதிவிடுங்கள்: இரண்டாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம். மூன்றாவது தேதியைத்தான் எல்லோரும் மறக்கிறோம். பழைய தொல்லை மெல்லத் திரும்புவது அந்தச் சமயத்தில்தான்.

பள்ளி ஆலோசகர்:

ஒன்று விட்டுப்போயிற்று. பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்ளுமோ என்ற சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள். "தப்பா எதுவும் பண்ணிக்க மாட்டியே?" என்று கேட்டால், "மாட்டேன்" என்ற பதிலை நாமே கையில் கொடுத்துவிடுகிறோம். "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை; ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. "ஆமா" என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறதா, அதற்கானது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, எப்போது என்று அமைதியாகக் கேளுங்கள். அதன்பின் ஒரு நிமிடமும் தனியே விடக்கூடாது. கழிவறைக்குப் போனாலும் வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். வீட்டாரிடம் நேரில் ஒப்படைத்து, மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டச் சொல்லி, அன்றே மருத்துவ உதவிக்கு வழி செய்யுங்கள். ஆபத்தே வீட்டில்தான் என்றால் வீட்டுக்குப் போன் போடாதீர்கள். முதல் அழைப்பு குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு.

வகுப்பாசிரியர்:

நீண்ட விடுப்பு முடிந்து வரும் பிள்ளைக்கு முதல் வாரம் அரைநாள் போதும். விடுபட்ட பாடம் முழுவதையும் கேட்காமல், எது அவசியம் என்று ஒவ்வொரு பாட ஆசிரியரும் ஒரே பக்கத்தில் எழுதித் தரட்டும். கதவோரம் இருக்கை. மூச்சு முட்டினால் கேள்வி இல்லாமல் வெளியே போக ஒரு அட்டை, போய் உட்கார ஓர் இடம், அங்கே பழகிய ஒருவர். முதல் நாள் காலையில் "எங்கே போயிருந்தே இத்தனை நாளா?" என்று நான்கு பேராவது கேட்பார்கள். அதற்குச் சொல்லும் ஒற்றை வரியைப் பிள்ளையே முன்னாடி தேர்ந்தெடுத்து, உங்களிடம் இரண்டு முறை சொல்லிப் பார்க்கட்டும். "உடம்பு சரியில்லை, இப்ப பரவாயில்லை" போதும். யாராவது மேலே துருவினால் பேச்சை மாற்ற, பக்கத்தில் உட்காரும் தோழிக்கும் அந்த வரி தெரிந்திருக்கட்டும்.