குடும்ப குரூப்: லினக்ஸ்ல கேம் ஓடுமா, ஓடாதா?

கார்த்தி: சித்தப்பா, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது. 11 இந்த பிசில ஏறாதுங்குது. லினக்ஸ் போட்டா கேம் எல்லாம் ஓடுமா?

செல்வம் சித்தப்பா: "எல்லாம்"னு கேட்டா பதில் இல்லடா. பேரச் சொல்லு.

கார்த்தி: வேலரன்ட், ஜிடிஏ 5, எல்டன் ரிங், சைபர்பங்க், கவுண்டர் ஸ்ட்ரைக் 2

மீனா அக்கா: வேலரன்ட்ட மறந்துடு தம்பி. அதுல ஏமாத்தி ஆடுறவங்கள தடுக்கிற வேன்கார்ட், விண்டோஸோட மையமான கெர்னலுக்குள்ள டிரைவரா உக்காரணும். லினக்ஸ்ல அந்தக் கெர்னலே கிடையாதே, எங்க போய் உக்காரும்?

செல்வம் சித்தப்பா: ஜிடிஏ 5 கதை மோடு ஓடும். ஆன்லைன் மட்டும் 2024 செப்டம்பர்ல பேட்டில்ஐங்கிற ஆன்டிசீட்ட (ஏமாத்து தடுப்பு) போட்டதுலேர்ந்து நின்னுபோச்சு. இதுல எரிச்சல் என்னன்னா, பேட்டில்ஐயும் ஈஸி ஆன்டிசீட்டும் 2021லயே ப்ரோட்டானுக்கு, அதாவது வால்வ் கம்பெனி தன் ஸ்டீம் கேம் கடைல குடுக்கிற, விண்டோஸ் கேம லினக்ஸ்ல ஓட்டுற கருவிக்கு, வழி திறந்துட்டாங்க. கேம் போடுறவங்க அவங்க பக்கம் அனுமதி குடுத்தா போதும். குடுக்க மாட்டேங்கிறாங்க.

மீனா அக்கா: குடுத்துட்டு பிடுங்கினவங்களும் உண்டு சித்தப்பா. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2022லேர்ந்து நல்லா ஓடிச்சு, 2024 அக்டோபர் கடைசில லினக்ஸையே தடுத்துட்டாங்க. அதனால போன வருஷம் ஓடிச்சுன்னு யாராவது சொன்னத நம்பி விண்டோஸ அழிச்சிடாத. ஆன்லைன் கேம்னா அன்னிக்கு நிலவரத்த பாரு. தனியா ஆடுற கேமுக்கு ப்ரோட்டான்டிபிங்கிற சைட்ல பேரப் போட்டா உன் கிராஃபிக்ஸ் கார்டு மாதிரி கார்டு வச்சிருக்கவங்க எழுதினது வரும். கோல்டு, பிளாட்டினம்னு இருக்கிற பட்டத்த விட்டுட்டு கடைசி ரெண்டு மூணு மாச ரிப்போர்ட்ட மட்டும் படி.

செல்வம் சித்தப்பா: எல்டன் ரிங் ஆன்லைனோட ஓடும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 லினக்ஸுக்கே தனியா வருது, ப்ரோட்டானே வேண்டாம். சைபர்பங்க்கும் ஓடும். கார்டு என்ன?

கார்த்தி: ஜிடிஎக்ஸ் 760

செல்வம் சித்தப்பா: 🤦 அத மொதல்லயே சொல்லிருக்கலாம்

கார்த்தி: ஏன் சித்தப்பா, விண்டோஸ்ல பழைய கேம் நல்லா தான ஓடுது

செல்வம் சித்தப்பா: ப்ரோட்டான் எமுலேட்டர் இல்லடா. உள்ள இருக்கிறது வைன். கேமோட கோடு உன் ப்ராசசர்ல நேராவே ஓடும். அது விண்டோஸ்கிட்ட கேக்குறதுக்கெல்லாம் வைன் பதில் சொல்லும். படம் வரையிற வேலை மட்டும் மொழிபெயர்ப்பு. விண்டோஸ் கேம் படம் வரையக் கேக்குற மொழி டைரக்ட்எக்ஸ். அதோட 9, 10, 11ல கேட்டா டிஎக்ஸ்விகே அத வல்கனுக்கு (லினக்ஸ்லயும் ஓடுற அதே மாதிரி மொழி) மாத்தும், 12ல கேட்டா விகேடி3டி மாத்தும். ஆக உன் கார்டு வல்கன்ல எந்த வெர்ஷன் வரைக்கும் போகுதுங்கிறதுதான் கேள்வி.

உன் கார்டு கெப்ளர்ங்கிற பழைய தலைமுறை. அதுக்கு என்விடியா குடுத்த கடைசி டிரைவர் வரிசை 470, அதுல வல்கன் 1.2 தான். டிஎக்ஸ்விகே 2.0லேர்ந்து 1.3 கேக்குது. அதனால ப்ரோட்டான் 8ம் அதுக்கு மேலயும் உனக்கு ஆகாது. கேம் மேல ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, அதுல ப்ரோட்டான் 7.0ன்னு கட்டாயமா தேர்ந்தெடு. பழைய டைரக்ட்எக்ஸ் 9, 11 கேமுக்கு அது போதும். சைபர்பங்க், எல்டன் ரிங் ரெண்டும் 12. விட்டுடு.

மீனா அக்கா: இன்னொண்ணு, 470 வரிசை புதுக் கெர்னல் வரும்போது அடிக்கடி கம்பைல் ஆகாம மக்கர் பண்ணும். ரொம்ப நாள் சப்போர்ட் வர்ற எல்டிஎஸ் கெர்னலோட நில்லு. எப்பவாவது கார்டு மாத்தினா பழைய ஆர்எக்ஸ் 580 மாதிரி ஏஎம்டி கார்டு கூட உனக்கு நிம்மதி. டிரைவர் கெர்னல்லயும் மீசாங்கிற கிராஃபிக்ஸ் லைப்ரரிலயும் கூடவே வந்துடும், தனியா எதுவும் போட வேண்டாம்.

கவின்: என்னோடது லேப்டாப், ஆர்டிஎக்ஸ் 3050, டிரைவர் போட்டாச்சு. கேம் திறக்குது, ஆனா நொடிக்கு 3 ஃப்ரேம் 😐

மீனா அக்கா: ஸ்டீம்ல ஹெல்ப், சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திற. வீடியோ கார்டு இடத்துல என்ன பேரு?

கவின்: எல்எல்விஎம்பைப்

மீனா அக்கா: அது கார்டே இல்ல. உன் ப்ராசசர் ஒக்காந்து ஒவ்வொரு பிக்சலா வரைஞ்சுட்டு இருக்கு பாவம். செக்யூர் பூட் ஆன்ல இருக்கா?

கவின்: ஆமா

மீனா அக்கா: அதான். என்விடியா டிரைவர் மாட்யூல்ல உன் மெஷின் நம்புற கையெழுத்து இல்ல, கெர்னல் உள்ள விடல. டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லிருக்கும். அடுத்த ரீஸ்டார்ட்ல நீலத் திரை ஒண்ணு வந்து சில நொடி நிக்கும், அதுல "என்ரோல் மோக்" தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்ட அடிக்கணும். எல்லாரும் அது ஏதோ எரர்னு நெனச்சு கன்டினியூ அமுக்கிடுறாங்க. டிரைவர் பேக்கேஜ திரும்ப போடு, அந்தத் திரை மறுபடி வரும். இல்லன்னா பயாஸ்ல செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணு.

செல்வம் சித்தப்பா: 32 பிட் டிரைவர் லைப்ரரியும் இருக்கான்னு பாத்துக்கோ. 64 பிட் மட்டும் இருந்தா பழைய 32 பிட் கேம் சத்தமே இல்லாம மூடிக்கும், எரர் கூட வராது.

பெரியப்பா: இது என்ன பாஷை

மீனா அக்கா: 😂 ரெண்டு நிமிஷம் பெரியப்பா

கார்த்தி: கேம் எல்லாம் விண்டோஸ் டிரைவ்ல 300 ஜிபி கிடக்கு. அதையே ஸ்டீமுக்கு காட்டிடவா?

செல்வம் சித்தப்பா: காட்டாத. ஒவ்வொரு கேமுக்கும் ப்ரோட்டான் ஒரு பொய் சி டிரைவ் கட்டும், அதோட சேத்து "சி" எழுத்தும் முக்காற்புள்ளியும் பேரா வச்ச ஒரு லிங்க் இருக்கும். முக்காற்புள்ளி வந்த பேர விண்டோஸ் ஏத்துக்காது. விண்டோஸ் டிரைவோட என்டிஎஃப்எஸ் வடிவத்துல அத எழுதினா கேம் திறக்காது, இல்ல விண்டோஸ் டிஸ்க் செக் பண்ணும்போது கை வைக்கும். போதாததுக்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா விண்டோஸ் முழுசா மூடாது, டிரைவ் லினக்ஸ்ல படிக்க மட்டும்தான் கிடைக்கும். ஸ்டீம் "டிஸ்க் ரைட் எரர்"ங்கும், நீ ஹார்ட் டிஸ்க் போச்சுன்னு பதறுவ.

லினக்ஸோட எக்ஸ்ட்4 வடிவத்துல ஒரு பார்ட்டிஷன் போடு. ஸ்டீம் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ்ல அத சேரு. காமன் போல்டர்லேர்ந்து கேமையும், அதுக்கு வெளிய இருக்கிற மேனிஃபெஸ்ட் ஃபைலையும் காப்பி பண்ணு. ஸ்டீம் சரிபாத்துட்டு விட்டத மட்டும் இறக்கும்.

மீனா அக்கா: ஸ்டீம ஃபிளாட்பேக்கா (தனியா அடைச்சு ஓடுற பேக்கேஜ்) போட்டிருந்தா வேற டிரைவே கண்ணுக்குத் தெரியாது. ஃபிளாட்சீல்ங்கிற ஆப்ல அந்தப் பாதைக்கு அனுமதி குடுக்கணும்.

கவின்: அக்கா நீலத் திரை வந்துச்சு, பாஸ்வேர்ட் போட்டேன். இப்ப கார்டு பேரு சரியா வருது 🎉 ஆனா கதை வீடியோ வர்ற இடத்துல கலர் கலரா பட்டை தான் தெரியுது

மீனா அக்கா: பழைய டிவில நிகழ்ச்சி முடிஞ்சா வருமே, அந்த மாதிரி பட்டையா? கேம் கெடல. அந்த வீடியோவ பிரிச்சுக் காட்டுற கோடெக் உரிமம் காரணமா ப்ரோட்டான்ல இல்ல, அதுக்குப் பதிலா அந்தப் பட்டையக் காட்டுது. ப்ரோட்டான்அப் க்யூடிங்கிற ஆப்ப போட்டு அதுல ஜிஇ ப்ரோட்டான (வால்வ் இல்லாம வெளியாள் செஞ்சது) இறக்கு, ஸ்டீம மூடித் திற, அந்த ஒரு கேமுக்கு மட்டும் மாத்து. எல்லாத்துக்கும் மாத்தாத. வால்வ் ப்ரோட்டான்ல ஓடுற கேம அதுலயே விடு.

கவின்: "ப்ராசசிங் வல்கன் ஷேடர்ஸ்"னு ரொம்ப நேரமா ஓடுதே, ஸ்கிப் பண்ணலாமா

செல்வம் சித்தப்பா: பண்ணலாம். அது படம் வரையிற குட்டி ப்ரோகிராம்கள முன்கூட்டியே தயார் பண்றது, விட்டா புது இடத்துக்குப் போகும்போது லேசா திக்கும், அவ்வளவுதான். டிரைவர் அப்டேட் ஆனா மறுபடி முதல்லேர்ந்து வரும், பயப்படாத.

கார்த்தி: டெபியன் 12ங்கிற லினக்ஸ் போடலாம்னு இருக்கேன். நிலையா இருக்கும்ல

செல்வம் சித்தப்பா: இருக்கும். ஆனா ஒரு எண்ண மாத்தணும். ஒரு ப்ரோகிராம் மெமரிய எத்தனை துண்டா வச்சுக்கலாம்னு கெர்னல் ஒரு வரம்பு வச்சிருக்கு, மேக்ஸ் மேப் கவுண்ட்னு பேரு. டெபியன் 12ல 65530. பெரிய கேம் சிலது அத தாண்டி லோடிங்லயே செத்துடும். உபுண்டு 24.04லயும் ஃபெடோரா 39லேர்ந்தும் அவங்களே 1048576 ஆக்கிட்டாங்க. நீ கெர்னல் அமைப்ப எழுதி வைக்கிற சிஸ்கன்ட்ரோல் ஃபைல்ல அந்த எண்ணப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணு.

மீனா அக்கா: கேம் வம்பு பண்ணுதுன்னு காம்ப்டேட்டா போல்டர அழிக்கச் சொல்லி யாராவது சொல்வாங்க. அந்தப் பொய் சி டிரைவ் அங்கதான் இருக்கு, கிளவுட் சேவ் இல்லாத கேமோட சேவும் அதுக்குள்ளதான். அதுல யூசர்ஸ், ஸ்டீம்யூசர் போல்டர வெளிய எடுத்து வச்சிட்டு அழி.

கார்த்தி: சரிக்கா. இன்னிக்கே விண்டோஸ அழிச்சிட்டு போடவா?

செல்வம் சித்தப்பா: அழிக்காதடா! மொதல்ல பென்டிரைவ்ல லைவா ஏத்தி வைஃபை, சவுண்ட் ரெண்டும் வருதான்னு பாரு. அப்புறம் தனி டிஸ்க்ல போடு. வேலரன்ட்டுக்கு எப்படியும் நீ விண்டோஸ்க்கு தான் வருவ.