தையல் இயந்திரத்தைப் பழுதுபார்த்து வைத்தால் மன்னிப்புக் கேட்டதாகுமா?

அல்சூர் மகள்:
எனக்கு 41 வயது. பெங்களூரு அல்சூரில் கணவரோடும் மகளோடும் இருக்கிறேன். அம்மா இறந்தபின், இரண்டு ஆண்டுகளாக அப்பா எங்களுடன்தான். அவருக்கு 74 வயது. ஒரு காலத்தில் அவருக்குச் சம்பள நாளென்றால் நானும் தம்பியும் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதுபோல் படுத்திருப்போம். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய இரவு, அம்மாவின் தையல் இயந்திரத்தைத் தூக்கித் தெருவில் எறிந்தார். அம்மா ரவிக்கை தைத்துச் சம்பாதித்ததில்தான் எங்கள் பள்ளிக் கட்டணம் போனது. தெருவே நின்று பார்த்தது.

குடியை விட்டு 16 ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது எனக்கு முன்பே எழுந்து டிகாக்‌ஷன் இறக்கி வைக்கிறார். பேத்தியின் சைக்கிளுக்கு எண்ணெய் விடுகிறார். ஆனால் அந்த நாட்களைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. போன மாதம் நானே கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் பரணிலிருந்த அந்த இயந்திரத்தை இறக்கி, ஆட்டோவில் சிவாஜிநகருக்குக் கொண்டுபோய்ப் பழுதுபார்த்து, என் அறையின் ஜன்னலோரம் வைத்துவிட்டார். அப்போதும் வாய் திறக்கவில்லை.

"இதற்கு மேல் அவர் எப்படி மன்னிப்புக் கேட்பார்?" என்கிறான் தம்பி. எனக்கோ அதைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கிறது. வாயால் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறா?

மாரிக்குப்பம் ரயில்:
சகோதரி, உங்கள் தம்பி சொல்வதுதான் சரி. நான் கோலார் தங்கவயல்காரன். தினமும் அங்கிருந்து ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறேன். அப்பா சுரங்கத்தில் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கத்தை மூடும்வரை அவர் கையால் நாங்கள் வாங்காத அடி இல்லை. என் கல்யாணத்துக்கு முந்தைய இரவு, எல்லோரும் தூங்கியபின், என் வேட்டி சட்டையை அவரே இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டினார். நான் விழித்திருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்த கை அது. அன்றைக்கே என் கணக்கு தீர்ந்துவிட்டது. இறக்கும்வரை அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்குக் குறையும் இல்லை. அந்தத் தலைமுறை ஆண்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர் யார்? இல்லாததைக் கேட்டால் அவர் எங்கே போவார்?

ஒன்பதாம் படி:
மாரிக்குப்பம் அண்ணா, உங்கள் கணக்கு தீர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அது உங்கள் கணக்கு.

என் கணவரும் குடித்தவர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போய் மீண்டார். 1935இல் அமெரிக்காவில் குடிநோயாளிகள் இருவர் தொடங்கிய அமைப்பு அது. அதன் பன்னிரண்டு படிகளில் எட்டாவது, தன்னால் துன்பப்பட்டவர்களின் பட்டியலை எழுதுவது. ஒன்பதாவது, அவர்களிடம் நேரில் போய் ஈடுசெய்வது. என் கணவர் எழுதிய பட்டியலில் என் பெயருக்குக் கீழே பதினோரு சம்பவங்கள் இருந்தன. அவற்றுள் இரண்டு எனக்கே மறந்துபோனவை. அவர் வாசித்து முடித்தபோதுதான் நான் பைத்தியம் இல்லை, இவையெல்லாம் உண்மையாகவே நடந்தன என்று எனக்கு உறுதியானது. காபியும் இஸ்திரியும் அந்த உறுதியைத் தராது. அல்சூர் மகள், நீங்கள் கேட்பதில் தவறே இல்லை.

மாரிக்குப்பம் ரயில்:
நீங்களே "ஈடுசெய்வது" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், "மன்னியுங்கள்" என்று சொல்வது என்று எழுதவில்லை. உடைத்ததைச் சரிசெய்து திருப்பித் தருவது ஈடு இல்லையென்றால் வேறு எது ஈடு? அதே படியில் ஒரு நிபந்தனையும் உண்டு: நேரில் போவது அவர்களுக்கோ பிறருக்கோ மேலும் தீங்கு செய்யுமானால் போக வேண்டாம். 74 வயதுக்காரரை, மனைவியை இழந்தவரை, நிற்க வைத்துக் கேள்வி கேட்பது தீங்கில்லையா?

ஒன்பதாம் படி:
அண்ணா, ஒன்பதுக்கு முன்னால் ஐந்து இருக்கிறது. செய்த தவற்றின் சரியான தன்மையைக் கடவுளிடமும், தன்னிடமும், இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது ஐந்தாம் படி. இன்னொரு மனிதரிடம் என்றால் ஒரு காது வேண்டும். இயந்திரத்துக்குக் காது இல்லை. அந்த நிபந்தனையும் காயப்பட்டவரைக் காப்பாற்ற வந்தது. காயப்படுத்தியவருக்குச் சங்கடம் வராமல் தடுப்பதற்காக அதை எழுதவில்லை.

தண்டுப் பெரியவர்:
அம்மா, நீங்கள் இருப்பது அல்சூர். ஏரிக்கரையில் நிற்கும் திருவள்ளுவர் சிலையைப் பாருங்கள். கன்னட அமைப்புகள் எதிர்த்ததால் 18 ஆண்டுகள் மூடிக் கட்டிக் கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று இங்கே அதைத் திறந்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞருக்குச் சிலை திறந்தார்கள். திறப்பு நாளன்று நான் கூட்டத்தில் நின்று அழுதேன். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆளுக்கொரு சிலையை வைத்தார்கள், மனம் இளகியது. வீட்டுக்கும் அதுதான் வழி.

எரிந்த கடையின் பேத்தி:
ஐயா, உங்கள் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆனால் 1991 டிசம்பரில், காவிரிக் கலவரத்தில், எங்கள் தாத்தாவின் கடை எரிந்தது. சிலை திறந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். பார்க்கப் போகவில்லை. "கடையை எரித்தவனில் ஒருவன் நம் பக்கத்துத் தெரு, இன்றைக்கும் வணக்கம் சொல்கிறான், அதைப் பற்றிப் பேச மட்டும் மாட்டேன் என்கிறான்" என்றார். ஊர் சமாதானமாவது வேறு, ஒருவருடைய மனம் ஆறுவது வேறு. முதலாவது நடந்துவிட்டது என்பதற்காக இரண்டாவதையும் நடந்ததாக எழுதிக்கொள்ளக் கூடாது.

தண்டுப் பெரியவர்:
நீங்கள் சொல்வது எனக்குத் தைக்கிறது. அந்த வணக்கத்தை நான் யோசித்ததில்லை.

வெள்ளைக்கோட்டு:
பெற்றவரிடம் கணக்குப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஒன்பதாம் படி:
அவர் கணக்குப் பார்க்கவில்லை, தன் தாய்க்கு நடந்ததைப் பற்றிப் பேசக் கேட்கிறார்.

குழந்தைகள் வார்டு செவிலியர்:
எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970களில் செய்த சோதனை ஒன்றை எங்களுக்குப் பயிற்சியில் காட்டினார்கள். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், சில நிமிடங்கள் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருக்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, கத்துகிறது. கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அடியில்லை, திட்டில்லை, பதில் மட்டும் இல்லை. மாரிக்குப்பம் ஐயா, அப்பா ஏரிக்கரைக்குப் போனபோது இவருக்கு நேர்ந்ததும் அதுதான்.

ஒரு நடைமுறை யோசனை. இதை வீட்டுக்குள்ளேயே இருவராகத் தீர்க்க வேண்டியதில்லை. ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குடும்ப மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. குடும்பத்தை ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவார்கள். அப்பா வர மறுத்தால் நீங்கள் மட்டும் 14416க்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். உங்கள் நெஞ்சடைப்புக்கு அப்பாவின் சம்மதம் தேவையில்லை.

மாரிக்குப்பம் ரயில்:
செவிலியர் அம்மா சொன்ன கடைசி வரியை ஏற்கிறேன். ஆனாலும் என் அப்பாவின் இஸ்திரியை யாரும் குறைத்துச் சொல்வதை ஏற்க மாட்டேன். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அல்சூர் மகள்:
எல்லோரையும் படித்தேன். நேற்று இரவு அவரிடம் "ஏன் செய்தீர்கள்" என்று கேட்கவில்லை. "இயந்திரத்துக்கு என்னென்ன மாற்றினீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். தரையைப் பார்த்தபடி சொன்னார்: "தோல் பெல்ட் புதுசு. ஷட்டில் அன்றைக்கே உடைந்துவிட்டது, அதையும் மாற்றிவிட்டேன். கைச்சக்கரத்தில் ஒரு ஓரம் சிதறியது, அது மட்டும் கிடைக்கவில்லை."

27 ஆண்டுகளில் "அன்றைக்கே" என்று அவர் சொன்னது இதுதான் முதல் முறை. எது எது உடைந்தது என்று எனக்கே தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒன்பதாம் படி:
இது தொடக்கம். மன்னிப்பு இல்லை. நிறுத்திவிடாதீர்கள்.

மாரிக்குப்பம் ரயில்:
இதற்கு மேல் என்ன வேண்டும்?

அல்சூர் மகள்:
அம்மாவின் பெயரை அவர் சொல்ல வேண்டும், அண்ணா. இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பாவாடை தைக்கப் போகிறேன், பெல்ட் மாட்ட அவரைக் கூப்பிடுவேன். அப்போது மறுபடி கேட்பேன்.