'லீ' என்ற சொல்லை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

தொடங்கியவர்:
ஆங்கிலக் குறுக்கெழுத்து போடுகிறவர்களுக்கு இது பழைய சிநேகிதம். மூன்று எழுத்து, 'புல்வெளி' என்று குறிப்பு வந்தால் யோசிக்கவே வேண்டாம், எல்-இ-ஏ. ஆனால் பேச்சில் இன்று யாரும் புல்வெளியை லீ என்பதில்லை. கவிதையில்தான் தங்கியிருக்கிறது. தாமஸ் கிரே 1751இல் வெளியிட்ட கல்லறை இரங்கற்பாவின் இரண்டாம் வரியில் மாடுகள் கத்திக்கொண்டு மெல்ல நகர்வது இந்த லீ மேல்தான். கல்லூரியில் அதைப் படித்தபோது அகராதியைப் புரட்டினேன். புல்வெளிக்குக் கீழே தனிப் பதிவாக 'நூல் அளவு' என்று ஒரே ஒரு வரி. மில் பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

மில் லேப்காரர், கோவை:
நான் லீயைப் புல்வெளியாகப் பார்த்ததே இல்லை. எங்களுக்கு லீ என்றால் 120 கெஜம் நூல், அவ்வளவுதான். ஏழு லீ சேர்ந்தால் ஒரு ஹேங்க், 840 கெஜம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை ஹேங்க் அடங்குகிறதோ அதுதான் பருத்தி நூலின் கவுண்ட்; எண் கூடக் கூட நூல் மெல்லிசு.

காலை ஷிப்டில் ஸ்பின்னிங்கிலிருந்து காப்கள் (நூல் சுற்றிய கட்டைகள்) லேபுக்கு வரும். நூலை அளந்து சுற்றும் சக்கரமான ரேப் ரீலில் மாட்டிச் சுற்றுவோம். ரீலின் சுற்றளவு ஒன்றரை கெஜம். 80 சுற்று முடிந்தால் ஒரு லீ. கழற்றித் தராசில் வைத்து, 64.8ஐ அந்த கிராம் எடையால் வகுத்தால் கவுண்ட் வந்துவிடும். 40ஸ், அதாவது 40 கவுண்ட் நூல் என்றால் லீ 1.62 கிராம் இருக்க வேண்டும். லேபில் கொஞ்ச நாள் இருந்தவருக்கு இந்த 64.8 சொந்த போன் நம்பர் மாதிரி.

அப்புறம் அதே லீயை ஸ்ட்ரெங்த் டெஸ்டரில் மேலும் கீழுமாக இரண்டு கொக்கிகளில் மாட்டுவோம். கீழ்க்கொக்கி இறங்க இறங்க டயலில் முள் ஏறும். 80 சுற்று என்பதால் 160 இழைகள் ஒன்றாக இழுபடும். முதலில் எங்கேயோ ஒரு இழை 'டக்' என்று அறும், பிறகு சடசடவென்று மொத்தமும் போகும்; முள் மட்டும் எட்டிய உயரத்திலேயே நிற்கும். அந்தப் பவுண்டு கணக்கைக் கவுண்டால் பெருக்கினால் வருவது சிஎஸ்பி, அதாவது கவுண்ட் ஸ்ட்ரெங்த் ப்ராடக்ட். 40ஸ் லீ 60 பவுண்டில் அறுந்தால் சிஎஸ்பி 2400. ஒற்றை இழையைச் சோதிக்கும் நவீன மெஷின்கள் எவ்வளவோ வந்துவிட்டன. ஆனாலும் நூல் வாங்குகிறவர் முதலில் கேட்பது சிஎஸ்பி எவ்வளவு என்றுதான்.

மழைக்காலத்தில் ஜாக்கிரதை. பருத்தி ஈரம் குடித்தால் எடையும் கூடும், பலமும் கூடும். கவுண்ட் குறைவாகவும் ஸ்ட்ரெங்த் நன்றாகவும் காட்டி மெஷின் நம்மை ஏமாற்றும். அதனால்தான் லேபில் 27 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்று பிடித்து வைத்து, நூலை அதில் ஆறப்போட்டுத்தான் சோதிப்போம். புதிதாக வந்த சூப்பர்வைசர்கள் "சீக்கிரம் ரிப்போர்ட் கொடுப்பா" என்று நிற்பார்கள். கொடுக்கலாம், நாளைக்கு வாங்குகிறவர் திருப்பி அனுப்பினால் அவர்கள் நிற்பார்களா?

லினன் துணி விற்பவர்:
எங்கள் கடையில் வாடிக்கையாளர்களே '60 லீ காட்டுங்க' என்று கேட்பார்கள். அறுபதாம் நம்பர் காட்டன் மாதிரி மெல்லிசாக இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள், தொட்டுப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். லினன் கணக்கே வேறு. அங்கே ஒரு லீ 300 கெஜம். ஒரு பவுண்டில் எத்தனை லீ என்பதுதான் நம்பர். 60 லீ என்றால் பவுண்டுக்கு 18,000 கெஜம். அதை 840ஆல் வகுத்துப் பாருங்கள், பருத்திக் கணக்கில் 21ஸ் சொச்சம்தான். லினனில் 60 லீ நல்ல சட்டைத்துணி. குறை துணியில் இல்லை, ஒப்பிட்ட விதத்தில்தான்.

இங்கிலாந்தில் வசிப்பவர்:
இந்தப் பக்கம் புல்வெளி லீ ஊர்ப் பெயர்களின் வாலில் ஒளிந்திருக்கிறது. பர்ன்லி, பார்ன்ஸ்லி, கீத்லி எல்லாவற்றிலும் வரும் 'லி' அந்தப் பழைய சொல்தான். முதலில் காட்டை வெட்டித் திருத்திய வெளியைக் குறித்தது. இதில் பர்ன்லி ஒரு காலத்தில் பருத்தி நெசவுக்குப் பேர்போன ஊர். புல்வெளி லீயைப் பெயரில் வைத்துக்கொண்டு, மில்லுக்குள் நூல் லீயை அளந்திருக்கிறார்கள்! விவசாயிகளிடம் 'லே' என்ற உருவில் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. ரைகிராஸ், க்ளோவர் போன்ற தீவனப் பயிர்களை விதைத்துச் சில வருஷம் மேய்ச்சலுக்கு விட்டு, பிறகு உழுது பயிர் வைக்கும் நிலம் அது.

தொடங்கியவர்:
அடேங்கப்பா. லேப்காரரே, லினன் லீயை உங்கள் ரேப் ரீலிலேயே சுற்ற முடியுமா?

மில் லேப்காரர், கோவை:
தாராளமாக. 80க்குப் பதில் 200 சுற்று. வொர்ஸ்டட் கம்பளி நூலில் 80 கெஜம்தான் ஒரு லீ, ஏழு லீக்கு 560 கெஜ ஹேங்க். அதை நான் கையால் சுற்றிப் பார்த்ததில்லை. கம்பளி மில்லில் இருந்தவர்கள் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.