மரபணுத் திருத்த நெல்: விவசாயியைக் கேட்க வேண்டாமா?

கோபி நெல்வயல்:
ஏனுங்க, 2025 மே மாதம் மத்திய அரசு மரபணுத் திருத்தம் செய்த ரெண்டு நெல் ரகங்களை அறிவித்ததே, அதில் கமலா என்பது நாம் பி.பி.டி. என்று நடுகிற சம்பா மசூரியிலிருந்து வந்ததுதான். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் போடுகிற எங்கள் பக்கம் இதைப் பற்றி யாரும் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நாளைக்கு விதை கடைக்கு வந்த பிறகு கேட்டு என்ன பயன்?

வேளாண் மாணவர், கோவை:
அண்ணா, இதில் வேறு உயிரின் மரபணு எதுவும் இல்லை, நெல்லின் சொந்த மரபணுவிலேயே சின்ன மாற்றம். அதனால்தான் 2022இல் இந்த வகைக்குக் கடுமையான உயிரிப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். பாதுகாப்பானதா என்பதைக் கை தூக்கச் சொல்லி முடிவு செய்ய முடியாதுங்க, அதற்குச் சோதனைதான் வழி.

தொண்டாமுத்தூர்க்காரி:
தம்பி, சோதனையை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்து வைத்த நெல்லையே அடுத்த போகத்துக்கு விதைக்கலாமா, காப்புரிமை யார் கையில், மில்காரர் அதே விலைக்கு எடுப்பாரா, இதையெல்லாம் ஆய்வகத்தில் யார் கேட்பார்கள்? புழுவைத் தடுக்கப் பாக்டீரியா மரபணு சேர்த்த பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் நிபுணர் குழு ஒப்புதல் கொடுத்த பிறகும் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் கூட்டம் போட்டுக் கேட்டார், 2010 பிப்ரவரியில் நிறுத்தியும் வைத்தார். ஆனால் அந்தக் கத்தரி ரகங்களில் சில நம்ம கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலேயே உருவானவை, கூட்டமோ தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை, பெங்களூருக்குத்தான் போயிருக்க வேண்டும். காய்ப்புழுவுக்கு மருந்தடித்துக் கை எரிகிற பெண்கள் அங்கே போய்ப் பேச முடியுமா? அவர்கள் ஒருவேளை அந்த விதை வேண்டும் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள், அதையும் கேட்டிருக்க வேண்டும் இல்லையா.

பல்லடம் வாசகர்:
கேட்கிற நேரம்தான் முக்கியம். கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய்க்கு 2013இல் கோவையில் விவசாயிகளிடம் கருத்துக் கேட்டார்கள், அதற்குள் யார் வயல் வழியாகக் குழாய் போகும் என்று முடிவாகி அளந்தும் விட்டார்கள், அப்புறம் எல்லாம் கோர்ட்டில்தான் போய் நின்றது. டென்மார்க்கில் 1987இலிருந்தே சாதாரண மக்கள் பத்துப் பதினைந்து பேரை உட்கார வைத்து, நிபுணர்களை அவர்களே குறுக்குக் கேள்வி கேட்டு, அறிக்கையும் அவர்களே எழுதுகிற முறை வந்துவிட்டது. இங்கே பெரிய தொழிற்சாலைக்கே 30 நாள் முன்னறிவிப்பும் தமிழில் சுருக்கமும் கொடுத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிறது. தினமும் சோறாகித் தட்டுக்கு வருகிற நெல்லுக்கு அதுகூட இல்லை என்றால் எப்படிங்க?

கோபி நெல்வயல்:
சரிங்க, ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கிறோம்: ரகத்தின் விவரம் தமிழில் வேண்டும், விதை விற்பனைக்கு வரும் முன் விஞ்ஞானிகள் ஊருக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். தம்பி, நீங்களும் வந்து அந்த மரபணு விஷயத்தை எங்கள் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

வேளாண் மாணவர், கோவை:
கண்டிப்பாக வருகிறேன் அண்ணா. விதை உரிமை பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, எங்கள் பேராசிரியரையும் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.