மறு: நுரையில் ‘ஸ்னாப்-ஆஃப்’ தமிழில் என்ன?

அன்பர்களே, எண்ணெய் வயல் பாடத்தை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். பாறையின் நுண்துளைகளில் வாயுவைச் செலுத்தினால் அது எளிய வழி பார்த்து ஓடிவிடும், எண்ணெய் அப்படியே தங்கிவிடும். நுரைப்பான் கலந்த நீரும் சேர்ந்தால் உள்ளேயே நுரை உண்டாகி வாயுவின் ஓட்டத்தை மட்டுப்படுத்தும். நார்வேயின் ஸ்னோரே வயலில் 1990களின் இறுதியில் செய்து பார்த்தார்கள். வாயு ஒடுக்கமான இடத்தைத் தாண்டி அகன்ற துளைக்குள் புடைக்கும்போது, சுவரோரத்து நீர் பின்னால் திரண்டு அதன் கழுத்தை நெரிக்கிறது. ஒரு குமிழி துண்டாகிவிடுகிறது. இதற்குத்தான் சொல் வேண்டும். ‘கழுத்தறுப்பு’ என்று எழுதினேன், வகுப்பே சிரிக்கும் என்கிறார்கள்.

———

தம்பி, ‘துமிவு’ இருக்கவே இருக்கிறது. துமிதல் என்றால் அறுபடுதல், துமி என்றால் துளி. அறுவதும் உருள்வதும் ஒரே சொல்லில்! கம்பரின் துமியும் மோர் கடைந்த ஆயர் பெண் வாயிலிருந்து வந்ததாகத்தானே கதை, மோரிலும் நுரை உண்டு. துமித்தல் மட்டும் வேண்டாம், அது பிறவினை. இங்கே யாரும் அறுப்பதில்லை.

———

ஐயா, நீர்தானே அறுக்கிறது? அப்படியானால் பிறவினைதான் பொருந்தும். அதை விடுங்கள், துமி என்றால் மாணவருக்குத் தூறல்கூட நினைவுக்கு வராது. ‘நெரிந்தறுதல்’ என்றால் கேட்டவுடனே விளங்குகிறது. அப்புறம், குமிழிகளுக்கு நடுவே நிற்கும் மெல்லிய நீர்ச்சுவரான ‘லாமெல்லா’வுக்குச் சவ்வு என்று போடாதீர்கள், அது உயிரியலுக்குப் போய்விட்டது. படலம் போதும்.

———

குறுந்தொகை 290-இல் ‘கல்பொரு சிறுநுரை’ இருக்கிறதே! பாறைக்குள் ஓடும் நுரைக்கே ‘கல்பொருநுரை’ என்று பெயர் வைத்தால் என்ன?

———

அம்மா, அந்தத் தொடர் எனக்கும் உயிர். ஆனால் அங்கே நுரை கல்லில் மோதி மெல்ல மெல்ல இல்லாமல் போகிறது, இங்கே கல்லின் இடுக்கில்தான் பிறக்கிறது. பிள்ளைகள் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். சரி, நாளை வெள்ளி. மூன்று பேர் நெரிந்தறுதல் என்கிறீர்கள், அதையே எழுதிவிட்டேன். லாமெல்லா படலமாயிற்று.

———

எழுதுங்கள் தம்பி, தடுக்கவில்லை. ஆனால் அது ஏழெழுத்து, துமிவு மூன்றெழுத்து. அடுத்த பத்தியிலேயே ‘நெரிந்தறுந்த குமிழி’ என்று நீட்ட வேண்டிவரும். ‘துமிகுமிழி’ என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள், வினைத்தொகையாக அழகாக உட்காருகிறது.